செவ்வாய் எவ்வளவு தூரம்? முதலில் தேதியைச் சொல்லுங்கள்

பூமியிலிருந்து செவ்வாய்க்கு எத்தனை கிலோமீட்டர் என்று தேடிப் பாருங்கள். ஒரு இடத்தில் ஐந்தரைக் கோடி என்று இருக்கும், இன்னொரு இடத்தில் இருபத்திரண்டு கோடி, வேறொரு இடத்தில் நாற்பது கோடி. மூன்றும் சரிதான், தேதியைத்தான் யாரும் எழுதுவதில்லை. பஸ் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று கேட்பவரிடம் டிப்போ முகவரியைக் கொடுப்பது போல இருக்கிறது இந்த ஒற்றை எண் விவகாரம்.

எந்த இரண்டு கோள்களுக்கு இடையிலும், எந்த நாளிலும், தூரத்தை நீங்களே ஓரளவு சரியாகக் கணக்கிட்டுக்கொள்ளும் வழியை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஒரு கால்குலேட்டர் வேண்டும். அப்புறம் ஒரு பஞ்சாங்கம். மொரீசியஸில் தமிழ் வீடுகளிலும் கோவில்களிலும் அது எப்படியும் இருக்கும், நல்ல நாள் பார்க்க மட்டுமே எடுக்கிறோம். அதற்குள் கோள்களின் தூரக் கணக்கும் இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வருவது. பலன் சொல்லும் பகுதி எனக்குத் தெரியாது, அதற்குள் போகவும் மாட்டேன்.

படி 1: அளவுகோலை மாற்றுங்கள்

கிலோமீட்டரில் கணக்குப் போட்டால் பூஜ்யங்களை எண்ணியே பொழுது போய்விடும். சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள சராசரி தூரத்தை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு வானியல் அலகு என்று பெயர். 2012-இல் சர்வதேச வானியல் ஒன்றியம் இதை 14,95,97,870.7 கி.மீ. என்று நிரந்தரமாக வரையறுத்துவிட்டது. நமக்கு 14.96 கோடி போதும். இந்தத் தூரத்தைக் கடக்க ஒளிக்கு 8 நிமிடம் 19 வினாடி ஆகும், இந்த எண்ணையும் ஓரமாகக் குறித்து வையுங்கள்.

படி 2: பெயர்ச்சியிலிருந்து தூரத்தை எடுங்கள்

குருப்பெயர்ச்சி ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு முறை, சனிப்பெயர்ச்சி இரண்டரை ஆண்டுக்கு ஒரு முறை. இது தெரியாத தமிழ்க் குடும்பம் இந்தத் தீவில் இருக்குமா என்ன? பன்னிரண்டு ராசியையும் சுற்றிவர குருவுக்குப் பன்னிரண்டு ஆண்டு, சனிக்கு முப்பது ஆண்டு. இது மட்டும் தெரிந்தாலே சூரியனிலிருந்து அவை எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று சொல்லிவிடலாம், ஏனென்றால் வானியலாளர் கெப்ளர் 1619-இல் வெளியிட்ட விதி இருக்கிறது: சுற்றும் காலத்தை ஆண்டில் எழுதி அதன் இருமடியை எடுத்தால், அது வானியல் அலகில் எழுதிய சராசரி தூரத்தின் மும்மடிக்குச் சமம்.

போட்டுப் பாருங்கள். குரு: 12 × 12 = 144, அதன் கனமூலம் 5.24. உண்மையான எண் 5.20. சனி: 30 × 30 = 900, கனமூலம் 9.65. உண்மையில் 9.54. தொலைநோக்கி எதுவும் இல்லாமல், கோவில் அறிவிப்புப் பலகையில் இருக்கும் தகவலை வைத்து, ஏறக்குறைய ஒரு விழுக்காடு பிழையில் வந்துவிட்டோம். குருவின் சரியான சுற்றுக்காலம் 11.86 ஆண்டு, சனிக்கு 29.46. அவற்றைப் போட்டால் 5.20-உம் 9.54-உம் அப்படியே கிடைக்கும்.

மற்றவை: புதன் 0.387, வெள்ளி 0.723, பூமி 1, செவ்வாய் 1.524, யுரேனஸ் 19.2, நெப்டியூன் 30.1. கடைசி இரண்டும் பஞ்சாங்கத்தில் பொதுவாக இருக்காது. யுரேனஸைக் கண்டுபிடித்ததே 1781-இல்தான், நெப்டியூன் 1846-இல். ராகுவும் கேதுவும் நிலவின் பாதை சூரியப் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள், அவற்றுக்குத் தூரம் கிடையாது.

படி 3: கழித்தால் கிட்டம், கூட்டினால் எட்டம்

இரண்டு கோளும் சூரியனுக்கு ஒரே பக்கம் வரிசையில் நின்றால் தூரங்களைக் கழியுங்கள், எதிரெதிர்ப் பக்கம் நின்றால் கூட்டுங்கள். பூமிக்கும் செவ்வாய்க்கும் 0.524 முதல் 2.524 வரை, கிட்டத்தட்ட ஐந்து மடங்கு வித்தியாசம். வெள்ளிக்கு 0.277 முதல் 1.723 வரை, ஆறு மடங்குக்கும் மேல். குருவுக்கு 4.2 முதல் 6.2. சனிக்கு 8.5 முதல் 10.5. நெப்டியூனுக்கு 29 முதல் 31, அதாவது அங்கே வித்தியாசம் பெயருக்குத்தான். தூரம் ஏறி இறங்கும் கதை முழுக்க நம் பக்கத்து வீட்டுக்காரர்களான வெள்ளியும் செவ்வாயும் ஆடும் ஆட்டம்தான்.

இதைத் தீவின் மேல் விரித்துப் பார்க்கலாம், ஒரு வானியல் அலகு ஒரு கிலோமீட்டர் என்று. போர்ட் லூயி துறைமுகத்தில் சூரியன், ஒன்பது மீட்டர் அகலம். பூமி சாம்ப் தெ மார்ஸ் குதிரைப் பந்தய மைதானத்தின் பக்கம், எட்டரை சென்டிமீட்டர் உருண்டையாக. குரு கோரமண்டலைத் தாண்டி, சனி ரோஸ் ஹில்லைக் கொஞ்சம் கடந்து, யுரேனஸ் கியூர்பிப்புக்கு அப்பால், நெப்டியூன் ரோஸ் பெல் பக்கம். நேர்கோட்டுத் தூரம்தான் சொல்கிறேன், மெட்ரோ வளைந்து வளைந்து போகும் தூரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். பள்ளிக்கூடச் சுவரில் இருக்கும் படத்தில் எல்லாக் கோளும் ஒரே வரிசையில் நிற்குமே, அப்படி நினைத்துவிடக் கூடாது. போர்ட் லூயி வடமேற்குக் கரையில் இருக்கிறது, அதனால் சனியின் வட்டத்தில் பெரும்பகுதி கடலுக்குள் போய்விடும். பூமி சாம்ப் தெ மார்ஸில் நிற்கிறது, சனி ரோஸ் ஹில் பக்கம் இல்லாமல் எதிர்த்திசையில் கடலில் ஒன்பதரை கிலோமீட்டரில் இருக்கிறது என்றால் தூரம் எட்டரை அல்ல, பத்தரை.

படி 4: பஞ்சாங்கத்தைத் திறங்கள்

இதுதான் முக்கியமான படி, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதலில் கணக்கே வேண்டாத ஒரு விதி. ஒரு கோள் வக்ரத்தில், அதாவது பின்னோக்கி நகர்வது போன்ற நிலையில், இருக்கிறது என்று போட்டிருந்தால் அது பூமிக்கு மிக நெருங்கி வரும் காலம். ஐந்து கோளுக்கும் இது பொருந்தும். காரணம் இதுதான்: வெளியே இருக்கும் செவ்வாய், குரு, சனி மூன்றையும் பூமி உள்வட்டத்தில் வேகமாக முந்திக்கொண்டு போகும்போது அவை பின்னோக்கி நகர்வது போலத் தெரிகின்றன, முந்துவது என்பது பக்கத்தில் வரும்போதுதானே நடக்கும். புதனும் வெள்ளியும் நம்மை முந்தும்போதும் இதே தோற்றம். செவ்வாய் சுமார் 72 நாள், குரு சுமார் 120 நாள், சனி சுமார் 138 நாள் வக்ரத்தில் இருக்கும், கிட்டிய புள்ளி அந்தக் காலத்தின் நடுவையொட்டி வரும். பழைய ஜோதிடக் கணக்கில் ஒரு கோளுக்கு ஐந்தாம் இடத்திலிருந்து ஒன்பதாம் இடம் வரை சூரியன் இருக்கும்போது அது வக்ரம் என்று சொல்வார்கள். குருவுக்கும் சனிக்கும் அது ஏறத்தாழ ஒத்துவரும், செவ்வாய்க்கு இன்னும் குறுகலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாம் இடத்தில் நேர் எதிரே சூரியன் வந்தால் அதுதான் மிகக் கிட்டம். அந்த நாளில் சூரியன் மேற்கே மறையும்போது கோள் கிழக்கே எழும்பும். பெல் மார் கடற்கரைக்குப் போனால் அது கடலிலிருந்து ஏறுவதைப் பார்க்கலாம்.

அஸ்தங்கம் என்றால் கோள் சூரியனோடு ஒட்டி மறைந்திருக்கிறது என்று பொருள். செவ்வாய், குரு, சனி அஸ்தங்கத்தில் இருந்தால் அவை சூரியனுக்கு அந்தப் பக்கம், மிகத் தொலைவில். புதனுக்கும் வெள்ளிக்கும் இது உதவாது, அவை இந்தப் பக்கமும் இருக்கலாம், அந்தப் பக்கமும் இருக்கலாம். வக்ரமும் சேர்ந்து போட்டிருந்தால் இந்தப் பக்கம்.

இனி எண்ணாகவே வேண்டும் என்பவர்களுக்கு. பஞ்சாங்கத்தில் கிரக ஸ்புடம், அதாவது ஒவ்வொரு கோளும் வானத்தில் நிற்கும் இடம், ராசி, பாகை, கலை என்று இருக்கும். சூரியனுடைய பாகைக்கும் கோளுடைய பாகைக்கும் உள்ள வித்தியாசத்தை எடுங்கள். வானில் தெரியும் நிலைக்கு ஏற்பத் திருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கமாக இருந்தால் நல்லது. தமிழ்நாட்டில் அச்சடித்ததாக இருந்தால் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி முன்னால் இருக்கும், ஆனால் இந்தக் கணக்கில் அது ஒரு பொருட்டே இல்லை, ஒன்றரை மணி நேரத்தில் குரு எங்கேயும் போய்விடாது. ராசிகளின் தொடக்கத்தைச் சரிசெய்யக் கழிக்கும் அயனாம்சம் பற்றியும் கவலைப்பட வேண்டாம், இரண்டுக்கும் ஒரே அளவுதான் கழித்திருப்பார்கள், வித்தியாசம் எடுத்தால் அது அடிபட்டுப் போகும்.

சூத்திரம் இப்படி: வித்தியாசக் கோணத்தின் கோசைனை எழுதுங்கள். கோளின் சூரியத் தூரத்தை இருமடியாக்கி, அதிலிருந்து அதே கோணத்துச் சைனின் இருமடியைக் கழித்து, வர்க்கமூலம் எடுங்கள். இரண்டையும் கூட்டினால் பூமியிலிருந்து தூரம், வானியல் அலகில்.

எடுத்துக்காட்டுக்கு, சூரியன் துலாம் 10 பாகை, குரு மிதுனம் 10 பாகை என்று வைத்துக்கொள்வோம். நான்கு ராசி இடைவெளி, 120 பாகை. 120-இன் கோசைன் −0.5. அதன் சைன் இருமடி 0.75. குருவின் தூரம் 5.2, இருமடி 27.04. 27.04-இலிருந்து 0.75 போனால் 26.29, வர்க்கமூலம் 5.127. அதோடு −0.5 சேர்த்தால் 4.63. கிலோமீட்டரில் 69 கோடிக்குச் சற்று மேல். 8.32-ஆல் பெருக்கினால் ஒளி வந்து சேர ஆகும் நேரம், முப்பத்தெட்டரை நிமிடம். நீங்கள் பார்க்கும் குரு அரை மணிக்கும் முந்தைய குரு.

வெள்ளிக்கும் புதனுக்கும் ஒரே கோணத்தில் இரண்டு விடை வரும்: வர்க்கமூலத்தைக் கூட்டினால் ஒன்று, கழித்தால் இன்னொன்று. எது சரி? சிறிய தொலைநோக்கியில் பாருங்கள். பிறையாகத் தெரிந்தால் கழிக்க வேண்டும், அரைவட்டத்துக்கு மேல் நிறைந்து தெரிந்தால் கூட்ட வேண்டும். ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரையில் அந்தி மறைந்த பிறகு மேற்கே வெள்ளியை மாதக்கணக்கில் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு அது பெரிதாகிக்கொண்டே மெலிவது தெரியும்.

பூமி சம்பந்தப்படாத இரண்டு கோள்கள் என்றால், சூரியனிலிருந்து பார்க்கும் கோணம் வேண்டும். இரண்டு தூரங்களின் இருமடிகளைக் கூட்டி, அவற்றின் பெருக்குத்தொகையின் இரட்டிப்பைக் கோணத்தின் கோசைனோடு பெருக்கிக் கழித்து, வர்க்கமூலம் எடுங்கள். பள்ளியில் படித்த கோசைன் விதிதான்.

ஒரு எச்சரிக்கை. வானத்தில் சேர்க்கை என்றால் நிஜத்தில் நெருக்கம் என்று அர்த்தம் இல்லை. 2020 டிசம்பர் 21 அன்று குருவும் சனியும் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியில், கண்ணுக்கு ஒட்டினாற்போல நின்றன. அன்றைக்கு அவற்றுக்கு நடுவே சுமார் 73 கோடி கிலோமீட்டர். சராசரி எண்களைக் கழித்தால் 4.34 அலகு, சுமார் 65 கோடிதான் வரவேண்டும். மீதி 8 கோடி எங்கிருந்து வந்தது? அதற்குத்தான் அடுத்த படி.

படி 5: பாதை வட்டம் இல்லை

கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மையப்பிறழ்வு எண் உண்டு: வெள்ளிக்கு 0.007, பூமிக்கு 0.017, குருவுக்கு 0.048, சனிக்கு 0.054, செவ்வாய்க்கு 0.093, புதனுக்கு 0.206. சராசரி தூரத்தை இந்த எண்ணால் பெருக்கி, கழித்தால் சூரியனுக்கு மிகக் கிட்டிய தூரம், கூட்டினால் மிக எட்டிய தூரம்.

பூமிக்கு இது சின்ன விஷயம். ஜனவரி முதல் வாரத்தில் 14.71 கோடி, ஜூலையில் 15.21 கோடி. சூரியன் கிட்டே வருவதால்தான் ஜனவரியில் இங்கே வெயிலும் புயலும் என்று நினைத்துவிடாதீர்கள், அதே ஜனவரியில்தான் தமிழ்நாட்டில் மார்கழிப் பனி. பருவத்துக்குக் காரணம் பூமியின் அச்சுச் சாய்வு.

செவ்வாயில்தான் இது பெரிய விஷயம். 1.524 × 0.093 என்பது 0.142. ஆக சூரியனிலிருந்து அதன் தூரம் 1.38-க்கும் 1.67-க்கும் நடுவே ஊசலாடுகிறது. செவ்வாய் நம் வானத்தில் சூரியனுக்கு நேர் எதிரே வருவது சுமார் 780 நாளுக்கு ஒரு முறை, ஆனால் எந்த மாதத்தில் வருகிறது என்பதைப் பொறுத்துக் கிட்டமே இரண்டு மடங்கு வரை மாறும். ஆகஸ்ட் இறுதியில் எதிரே வந்தால்: செவ்வாய் 1.38, பூமி 1.01, வித்தியாசம் 0.37. 2003 ஆகஸ்ட் 27 அன்று நடந்தது அதுதான், 5 கோடியே 58 லட்சம் கி.மீ., கிட்டத்தட்ட அறுபதாயிரம் ஆண்டுகளில் அவ்வளவு நெருக்கம் இல்லை. பிப்ரவரியில் எதிரே வந்தால்: செவ்வாய் 1.666, பூமி 0.988, வித்தியாசம் 0.678. 2027 பிப்ரவரியில் அப்படித்தான் வரப்போகிறது, 10 கோடியே 14 லட்சம். இரண்டையுமே செவ்வாய் பூமியை நெருங்குகிறது என்றுதான் செய்தியில் எழுதுவார்கள்.

இதில் நம் தீவுக்கு ஒரு அதிர்ஷ்டம். நல்ல நெருக்கங்கள் எல்லாம் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் வரும், அப்போது செவ்வாய் தெற்கு வானத்தின் ராசிகளில் இருக்கும். நாம் இருப்பது தெற்கே 20 பாகையில். 2003-இல் அது நள்ளிரவில் கிட்டத்தட்ட நம் உச்சந்தலைக்கு மேலேயே நின்றது, ஐரோப்பியர்கள் தாழ்வான மூட்டத்துக்குள் அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள். 2018 ஜூலை 31-உம் அப்படித்தான், 5 கோடியே 76 லட்சம். அடுத்த பெரிய நெருக்கம் 2035 செப்டம்பரில், 5 கோடியே 69 லட்சம்.

அப்புறம் அந்த வாட்ஸ்அப் செய்தி. ஆகஸ்ட் வந்தாலே இன்றிரவு செவ்வாய் நிலா அளவுக்குத் தெரியும் என்று யாராவது அனுப்பிவிடுவார்கள், 2003-இல் கிளம்பிய கதை இன்னும் சுற்றுகிறது. அந்த 2003-இலேயே செவ்வாயின் அகலம் நிலாவில் எழுபதில் ஒரு பங்குதான். அனுப்புபவர் பெரியப்பாவாக இருந்தால் பேசாமல் விட்டுவிடுங்கள்.

குரு, சனி கணக்கிலும் இந்தத் திருத்தம் போட்டால் 2020-இன் மீதி 8 கோடி கிடைத்துவிடும்: அப்போது சனி சூரியனிலிருந்து 10 அலகில் இருந்தது, குரு 5.1-இல். பாதைகள் ஒரே தளத்தில் இல்லாமல் சற்றுச் சாய்ந்திருப்பதை நான் விட்டுவிட்டேன், பெரும்பாலும் ஒரு விழுக்காட்டைச் சுற்றிய பிழைதான். புளூட்டோவுக்கு மட்டும் விட முடியாது, 17 பாகைச் சாய்வு. 1979 முதல் 1999 வரை அது நெப்டியூனைவிடச் சூரியனுக்குக் கிட்டே இருந்தது.

படி 6: சராசரி கேட்டால் விடை புதன்

பூமிக்கு மிக அருகில் உள்ள கோள் எது? வெள்ளி என்றுதான் எல்லாரும் சொல்வோம். மிகக் கிட்டே வருவது வெள்ளிதான், நான்கு கோடி கிலோமீட்டர் வரை வரும். ஆனால் வருடக்கணக்கில் சராசரி எடுத்தால் புதன். 2019-இல் மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் இதை எழுதியபோது பலர் நம்பவில்லை, நம்பாதவர்கள் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். சூரியனிலிருந்து பார்க்கும் கோணத்தை 30 பாகையாகப் பன்னிரண்டு இடம் பிரித்து, ஒவ்வொன்றிலும் கோசைன் விதியில் தூரம் எடுங்கள். வெள்ளிக்கு 0.28, 0.52, 0.89, 1.23, 1.50, 1.67, 1.72, அப்புறம் அதே வரிசை திரும்பி வரும். பன்னிரண்டின் சராசரி 1.14. புதனுக்கு இதே போலப் போட்டால் 1.04. செவ்வாய்க்கு 1.69. வெள்ளி கிட்டே வரும்போது மிகக் கிட்டே வந்தாலும், பாதிக்கும் மேற்பட்ட காலம் 1.2 அலகுக்கு அப்பால் கிடக்கிறது. புதன் சூரியனை விட்டு எங்கேயும் போவதில்லை. இதே காரணத்தால் மற்ற எல்லாக் கோள்களுக்கும் சராசரியில் அருகில் இருப்பது புதன்தான், நெப்டியூனுக்கும்கூட.

கிலோமீட்டர் எப்படி வந்தது?

கெப்ளர் விதி விகிதத்தை மட்டுமே தரும். குரு பூமியைப் போல 5.2 மடங்கு தூரம் என்று தெரியும், அந்த ஒரு மடங்கு எத்தனை கிலோமீட்டர் என்று தெரியாது. எங்காவது ஒரே ஒரு தூரத்தை அளந்துவிட்டால் மொத்த வரைபடத்துக்கும் அளவு கிடைத்துவிடும். அதற்காக நடந்த ஓட்டத்தில் நம் தீவுகளுக்கு நல்ல பங்கு உண்டு.

வெள்ளி சூரியனுக்குக் குறுக்கே போவதைப் பூமியின் பல இடங்களிலிருந்து பார்த்து நேரம் குறித்தால் தூரம் கிடைக்கும். 1761 ஜூன் 6 அன்று பிங்ரே என்ற பிரெஞ்சுக்காரர் அதை ரொட்ரிக்ஸ் தீவிலிருந்து பார்த்தார். இன்னொரு பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தியின் கதைதான் பாவம். மொரீசியஸ் வரை வந்து, புதுச்சேரிக்குக் கப்பலேறினார், அதற்குள் ஆங்கிலேயர் அதைப் பிடித்துவிட்டார்கள். திரும்பும் வழியில் நடுக்கடலில் ஆடும் கப்பலிலிருந்து பார்த்தார், பயன்படும்படி அளக்க முடியவில்லை. அடுத்ததற்காக எட்டு ஆண்டு இந்தப் பக்கமே காத்திருந்தார். 1769-இல் புதுச்சேரியில் எல்லாம் தயாராக நின்றபோது மேகம் மூடிவிட்டது. ஆனால் அங்கே ஒரு தமிழரிடம் கிரகணக் கணக்குக் கற்றுக்கொண்டு, ஐரோப்பிய முறையோடு ஒப்பிட்டு எழுதினார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ் முறைக்கு 41 வினாடி பிழை, அன்றைய சிறந்த ஐரோப்பிய அட்டவணைக்கு 68 வினாடி.

1874-இல் லிண்ட்சே பிரபுவின் குழு மொரீசியஸில் பெல்மோன்ட்டில் முகாமிட்டது. வந்தது வெள்ளிக்காக. ஆனால் அந்தக் குழுவின் வானியலாளர் டேவிட் கில் அதோடு இன்னொரு வேலையும் செய்தார்: ஜூனோ என்ற சிறுகோளை மாலையிலும் விடியற்காலையிலும், வானத்தில் சிறு கோணங்களை அளக்கும் ஹீலியோமீட்டர் என்ற கருவியால் அளந்தார். இரவுக்குள் பூமி சுழன்று அவரைப் பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்துவிடும், அந்த இடமாற்றத்தால் பின்னணி விண்மீன்களுக்கு நடுவே ஜூனோ எவ்வளவு நகர்ந்து தெரிகிறது என்பதிலிருந்து தூரம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் இந்த நகர்வு அதிகம், அதனால் இந்த அளவீட்டுக்கு நம் தீவு தோதான இடம். இதே முறையில் அவர் 1877-இல் அசென்ஷன் தீவில் செவ்வாயை அளந்தார், பிறகு தென்னாப்பிரிக்காவின் கேப் ஆய்வகத்திலிருந்து வேறு சிறுகோள்களை. 1961-இல் வெள்ளிமேல் ரேடார் அலை அனுப்பி எதிரொலி வரும் நேரத்தை அளந்த பிறகு இந்தத் தலைவலி தீர்ந்தது.

படி 7: சரிபார்த்துக்கொள்ளுங்கள்

ஸ்டெல்லேரியம் இலவச மென்பொருள். ஊரை மொரீசியஸ் என்று வையுங்கள், தேதியைப் போடுங்கள், கோளைத் தொடுங்கள், பூமியிலிருந்தும் சூரியனிலிருந்தும் தூரம் அதிலேயே வரும். முதலில் கையால் போட்டுவிட்டுப் பிறகு அதைத் திறங்கள். சராசரி எண்ணை வைத்துப் போட்டிருந்தால் குருவுக்குச் சில விழுக்காடு வேறுபடும். செவ்வாய்க்கு நிறையவே வேறுபடும், குறிப்பாக வக்ரத்தில் இருக்கும்போது. அன்றைய சூரியத் தூரத்தை அந்தத் திரையிலிருந்தே எடுத்து, படி 4-இன் சூத்திரத்தில் மறுபடி போடுங்கள்.

பழக நல்ல நாட்கள் வருகின்றன. 2026 அக்டோபர் முதல் வாரத்தில் சனி சூரியனுக்கு எதிரே நிற்கும், அதே மாதக் கடைசியில் வக்ர வெள்ளி நமக்கும் சூரியனுக்கும் நடுவே வரும். 2027 பிப்ரவரியில் குருவும் செவ்வாயும் ஒரே மாதத்தில் சூரியனுக்கு எதிரே. பிப்ரவரி இங்கே மழைக்காலம், மேகம் விலகும் இரவைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.